பல்லியக்காவின் ஐந்து நாட்கள்

"அந்தத் தையல் கடையம்மா, கட்டின புருஷனையே மெஷின் வெச்சு அளந்து பார்த்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விடுவாங்களாம்."

"இஞ்ச் டேப்பாலயா?"

"அட நீ ஒண்ணு. இது வேற மெஷின். டிக் டிக்குனு கத்துமாம்."

பேருந்து நிறுத்தத்தில் இதைச் சொன்னவளுக்குச் சொன்னது அவள் நாத்தனார். நாத்தனாருக்குச் சொன்னது சலவைக் கடைக்காரி. சலவைக் கடைக்காரியோ தன் இரண்டு கண்ணாலும் பார்த்தவள். மூன்று வாய் தாண்டி வருவதற்குள், ஒரு நாள் நடந்தது தினமும் நடப்பதாக ஆகிவிட்டது. மற்றபடி அதில் பெரிய பொய் ஒன்றுமில்லை.

காலை ஆறு பத்துக்கு அந்தத் தையல் கடையம்மா ஜன்னல் விளிம்பில் ஒரு மஞ்சள் பெட்டியை வைக்கிறார். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். விசையைத் தட்டியதும் டிக் என்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு டிக் டிக் என்கிறது. மண்ணிலும் செங்கல்லிலும் வானத்திலும் எப்போதுமே இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று உள்ளே வந்து விழும்போதெல்லாம் ஒரு டிக். தெருவில் யாரும் அதைக் கருவி என்று சொல்வதில்லை. பல்லி என்கிறார்கள். அதை வளர்ப்பதால் இவர் பல்லியக்கா. ஐம்பத்தெட்டு வயதாகி, பேத்தி எடுத்த பிறகும் தெருவுக்கே அக்கா.

பல்லி பத்து நிமிடம் பேசும். அந்த நேரத்தில் பல்லியக்கா பத்து ஊசிகளில் நூல் கோத்து, பஞ்சு உருண்டையில் வரிசையாகக் குத்தி வைப்பார். அன்றைய நாளுக்கான ஊசிகள். பத்தாவது ஊசி ஏறும்போது பல்லியும் வாயை மூடும். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. இடையில் கதவு தட்டினால் திறக்க மாட்டார், போன் அடித்தால் எடுக்க மாட்டார். "பல்லி பேசறப்ப நாம குறுக்க பேசக் கூடாது" என்பார். மகளுக்கு வலி எடுத்த காலையில் மருமகன் மூன்று முறை கூப்பிட்டும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது என்று சம்பந்தி வீட்டில் இன்னும் ஒரு குறை உண்டு.

பிறகு நோட்டு. வாடிக்கையாளரின் அளவு எழுதுகிற நீள நோட்டுதான். மார்பு, இடுப்பு, உயரம் என்று அச்சடித்திருக்கும் கட்டங்களை அடித்துவிட்டு, தேதி, எண், காரணம் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். எண் இருநூறுக்கு அக்கம்பக்கம் இருக்கும். கூடினாலோ குறைந்தாலோதான் காரணம் என்ற கட்டத்துக்கு வேலை. மழை பெய்தால் எண் கொஞ்சம் ஏறும். "மழை" என்று எழுதுவார். "பூனை தட்டிவிட்டது." "பேட்டரி தீர்ந்தது." "பேத்தி பிறந்தாள், ஆஸ்பத்திரியில் இருந்தேன், அளக்கவில்லை." பதினோரு வருஷம், பதினோரு நோட்டு. ஒரு குடும்பத்தின் கதையையே அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் வாசித்துத் தெரிந்துகொள்ளலாம். பத்தாவது நோட்டில் மட்டும் ஐந்து நாட்களுக்கு அந்தக் கட்டம் காலி.

ஜன்னலுக்கு எதிரே ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் அணு உலையின் கோபுரம், இடுப்பு சிறுத்து, பாவாடை கட்டிய பெண்பிள்ளை போல. அதன் தலையிலிருந்து வெள்ளை ஆவி இரவு பகலாக எழுந்து போகிறது. பல்லியக்காவுக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். அந்த ஆவி ஒரு துணிச் சுருள். யாரோ மேலே நின்று இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது. கீழே இவர் இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எத்தனை கெஜம் என்று எண்ணிச் சொன்னால் போதும், அவர்கள் நிறுத்திவிடுவார்கள். எண்ணிக்கை எப்போதும் இருநூறுக்குப் பக்கத்தில் தப்பிப்போகும். விழித்தால் ஜன்னலில் அதே வெள்ளை, சத்தமில்லாமல், வானம் முழுக்க விரிந்திருக்கும். அழகாக இருக்கிறது என்று முதலில் தோன்றும். அப்படித் தோன்றியதற்காகக் கொஞ்சம் வெட்கமும் வரும்.

தொழில், பழைய துணியைத் திருத்துவது. புதிதாக எதுவும் தைப்பதில்லை. இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, பெருத்தவர்களுக்கு விட்டுக் கொடுப்பது, ஜிப்பு மாற்றுவது. வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டுதான் பாதி நேரம் பேசுவார். அதனால் அவர் சொற்கள் உதட்டோரமாக, யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல் வெளியே வரும். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். எவ்வளவு நீளமான கால்சட்டையானாலும் கத்தரிக்கோல் வைக்க மாட்டார். மிச்சத்தை உள்ளே மடித்து அடித்துவிடுவார்.

"கால்ல கனமா தொங்குமேக்கா. வெட்டிடுங்களேன்."

"வெட்டினா வெட்டினதுதான். மடிச்சா, நாளைக்கு வேணும்னா இறக்கிக்கலாம்."

வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் உலையில் வேலை பார்ப்பவர்கள். சீருடையின் பை கிழிந்தால் இங்கேதான் வர வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் இல்லை. ஒரு வெல்டர் உண்டு, ஒவ்வொரு தடவையும் அதே வம்பு.

"ஏங்கக்கா, நீங்க எங்க உலைய மூடிட்டீங்கன்னா உங்களுக்கு யாரு பேன்ட் குடுப்பா?"

"மூடினா வேற வேலைக்குப் போவல்ல? அங்க என்ன, பேன்ட் போடாமயா போவ?"

சீருடைப் பையைத் தைத்துக் கொடுக்கும்போது, உலைக்கு எதிரான வியாழக்கிழமைக் கூட்டத்தின் துண்டறிக்கை ஒன்றை அதே பைக்குள் மடித்து வைத்துவிடுவார். வெல்டர் அதை எடுத்துப் படித்தாரா என்று கேட்டதில்லை. அவரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

இதற்குள் எப்படி வந்தார் என்று கேட்டால் பெரிய கதை ஒன்றும் கிடைக்காது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் உலையின் அபாயச் சங்கு தானாக அலறத் தொடங்கி இருபது நிமிடம் அலறியது. கல்யாணத்துக்கான நீள அங்கியை உடம்பில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண், குத்திய குண்டூசிகளோடு தெருவில் ஓடினாள். இவர் இஞ்ச் டேப்போடு பின்னால் ஓடினார். அன்று சாயங்காலம் வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் செய்தியில், கம்பியில் ஏதோ பழுது என்று ஒரு வரி. "பயந்தேன்னு சொல்ல மாட்டேன். பயம் போயிடும். பதில் சொல்ல ஆளில்ல பாருங்க, அதுதான் போகல." அந்த வாரமே அறிவியல் வாத்தியார் ஒருவர் வீட்டில் எட்டுப் பேர் கூடினார்கள். பொதுவில் ஒரு கருவி வாங்கினார்கள். அதைத் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்து அளக்க யாரால் முடியும் என்று வாத்தியார் கேட்டார். அளப்பதுதானே நம் வேலை என்று இவர் கை தூக்கினார்.

வியாழன்தோறும் அந்தக் கூட்டம், இப்போது பதினோரு பேர், உலைக்குப் போகும் சாலையில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்காரும். நடுவில் பல்லியக்கா தைத்த துணிப் பதாகை: உலையும் வேண்டாம், குண்டும் வேண்டாம். ஒன்றின் சாம்பலிலிருந்துதான் இன்னொன்று பிறக்கிறது என்பது வாத்தியாரின் பாடம். சரியாக ஒன்பதேகாலுக்கு, இரவு வேலை முடிந்த தொழிலாளர்களை உலையிலிருந்து ஏற்றிய பேருந்து அந்த வழியாக வரும். பதாகை பக்கத்தில் மட்டும் வேகம் குறையும். ஓட்டுகிறவர் நேராகத்தான் பார்ப்பார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் இடக்கையில் ஒரு விரல் மட்டும் மேலே எழுந்து தாழும்.

அவர்தான் பல்லியக்காவின் கணவர்.

முப்பது வருஷமாக உலையின் பேருந்து அவர் கையில். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். ஊர் இதை வைத்துச் சிரிக்காத சிரிப்பில்லை. வீட்டில் சண்டை உண்டா என்றால், உண்டு. தேநீரில் சர்க்கரை பற்றி. "உலை வேண்டாம்னு பெருசா எழுதி வெச்சிருக்கியே, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்று பதாகையைப் பார்த்துக் கேட்டவர் அவர்தான். அந்த எழுத்துகளின் வளைவுகளை வீட்டுத் தரையில் மண்டியிட்டு சாக்குக்கட்டியால் வரைந்து கொடுத்தவரும் அவர்தான்.

போன வருஷம் பனி தொடங்கிய ஒரு காலையில் பல்லி ஆயிரத்து நானூறு சொன்னது.

பத்து ஊசியும் கோக்க முடியவில்லை. டிக் டிக் என்பதெல்லாம் போய், தகரத்தில் தூறல் விழுவதுபோல் ஒரே சரம். மறுபடி அளந்தார், அதேதான். வெளியே மழை இல்லை. அக்கரையில் ஆவி எப்போதும்போல் விரிந்து கிடந்தது. அன்றைக்கு அதைப் பார்த்து முதலில் அழகு தோன்றவில்லை. வாத்தியாருக்குச் சொன்னார், வாத்தியார் பத்துப் பேருக்குச் சொன்னார். மறுநாள் ஆயிரத்து நூறு. மூன்றாம் நாள் தொள்ளாயிரம். அதற்குள் துண்டறிக்கை அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. தாய்மார்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வேறொரு கருவியை இரவல் வாங்கி மற்ற நான்கு வீட்டு ஜன்னல்களில் வைத்துப் பார்த்தார் வாத்தியார். எல்லாம் இருநூறு. உலையின் மக்கள் தொடர்பு அதிகாரி, தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போடச் சொல்லுங்கள் என்று செய்தியாளர்களிடம் சிரித்தார்.

நான்காம் நாள், எண்ணூறு. வாத்தியார் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் பல்லியக்காவை உறுத்தியது.

ஐந்தாம் நாள் காலையில் எழுநூறு என்று குறித்த பிறகும் பல்லியக்கா பல்லியை அணைக்கவில்லை. கையில் தூக்கிக்கொண்டு, காதருகே பாடும் கொசுவைத் தேடுவதுபோல் வீட்டுக்குள் நடந்தார். ஜன்னலை விட்டு விலக விலகச் சத்தம் குறைய வேண்டும், கூடியது. வெட்டு மேசையைத் தாண்டியதும் இன்னும் கூடியது. துணி மூட்டைகள் வைக்கிற பின்னறைக் கதவைத் திறந்தபோது பல்லி அடங்காமல் பொழியத் தொடங்கியது.

உள்ளே கட்டிலில் கணவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். சளி பிடித்திருக்கிறது, உனக்கும் ஒட்டிக்கும் என்று ஐந்து நாளாக அங்கேதான் படுக்கை. பேருந்து பட்டறையில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு, பகலெல்லாம் ஆற்றங்கரை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். பல்லியக்கா பெட்டியை அவர் காலருகே கொண்டுபோனார், மார்பருகே, கழுத்தருகே. கழுத்தில் மழை கொட்டியது. விடிகிற வெளிச்சத்தில் அந்தக் கழுத்து, நரைத்த மயிரும் சுருக்கமுமாக, முப்பத்து நான்கு வருஷமாகப் பார்த்த அதே கழுத்தாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் யாரோ ஒரு சின்ன விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அதன் வெளிச்சம் இந்தப் பெட்டிக்கு மட்டும் தெரிகிறது என்பதுபோல் பல்லியக்கா அப்படியே நின்றார். கொல்லையில் துணி உலர்த்த வந்த சலவைக் கடைக்காரி பின்னறை ஜன்னல் வழியாகப் பார்த்தது இதைத்தான்.

கண்ணைத் திறக்காமலே கணவர் சொன்னார்: "தள்ளி நில்லும்மா. ரெண்டு முழம் தள்ளி நிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அதை அடக்க ஒரு மாத்திரை. அது கதிர் உள்ள மாத்திரை. ஐந்து நாள் யாரோடும் ஒட்டக் கூடாது, மனைவியோடும்கூட. எதனால் வந்தது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் வரும் என்றாராம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? நோட்ட எடுப்ப."

பல்லியக்கா விசையைத் தட்டிப் பல்லியின் வாயை மூடினார்.

"டிப்போவுல தெரிஞ்சா, சீக்காளின்னு பஸ்ஸ வாங்கிட்டு உக்கார வெச்சுடுவாங்க. உலை வாசல்ல நிக்குதே பெரிய மெஷினு, அது என்னப் பார்த்தா கத்திடும்னு அஞ்சு நாள் லீவு போட்டேன். கல்யாணத்துக்குப் போறேன்னு எழுதிக் குடுத்தேன்." அவர் எழுந்து உட்கார்ந்தார். "அவங்க மெஷினுக்குப் பயந்து வீட்டுக்கு ஓடி வந்தேன் பாரு. வீட்டுல ஒண்ணு இருக்குங்கறதே மறந்துபோச்சு."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள். இரண்டு முழ தூரத்தில் நின்று சிரிப்பது விநோதமாக இருந்தது.

"ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, தான் போயி விழுமாம் கழுநீர்ப் பானையில" என்றார் அவர். பிறகு சிரிப்பில்லாமல்: "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். என்னை ஒரு அட்டையில ஒட்டி, வியாழக்கிழமை ரோட்டுல தூக்கிப் பிடிச்சுடாத."

அடுத்த கூட்டத்தில் பல்லியக்கா எழுந்து, தப்பு தன்னுடையது, உலையிலிருந்து எதுவும் வரவில்லை என்று சொன்னார். எப்படி என்று கேட்டவர்களுக்கு வாயில் குண்டூசி இருப்பதுபோல் உதட்டை மூடிக்கொண்டார். ஆறாம் நாளிலிருந்து பல்லி பேசுகிற நேரத்தில் கணவர் ஆற்றங்கரை பெஞ்சுக்குப் போய்விட்டதால் எண் இருநூறுக்கு இறங்கியிருந்தது. நோட்டில் ஐந்து எண்களும் அப்படியே இருந்தன. காரணம் என்ற கட்டத்தில் மட்டும் அவர் பேனா இறங்கவில்லை. மாத்திரை வேலை செய்தது. கணவர் தேறி, பேருந்துக்குத் திரும்பினார். வியாழக்கிழமை விரல் பழையபடி எழுந்து தாழ்ந்தது.

இப்போது அந்தக் காலிக் கட்டங்களுக்குத்தான் நாள் வந்திருக்கிறது. முப்பத்தைந்து வருஷப் பழைய உலையை இன்னும் இருபது வருஷம் ஓட்டலாமா என்று விசாரணை. உலைக்காரர்களின் கணக்கைத் தவிர, வெளியார் அளந்த பதிவு என்று ஊரில் இருப்பது பல்லியக்காவின் பதினோரு நோட்டுகள்தான். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாத்தியார் வந்து வாங்கிக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டும். திங்கள்கிழமை அவர் கடைக்கு வந்து பத்தாவது நோட்டைப் புரட்டினார்.

"இந்த அஞ்சு நாளுக்கு 'கருவிக் கோளாறு'ன்னு எழுதிடுங்கம்மா. ரெண்டே வார்த்தை."

"கருவி சரியாத்தானே சார் இருந்துச்சு."

"இருக்கட்டும்மா. காலியா விட்டா மறைக்கிறோம்பாங்க."

"அஞ்சு நாள் கோளாறுன்னா, மிச்ச பதினோரு வருஷம் நல்லா இருந்துச்சுன்னு யாரு சார் நம்புவா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப உண்மைய எழுதுங்க. என்னன்னு எனக்குச் சொல்லக்கூட வேணாம். நோட்டுக்குச் சொன்னா போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் தேநீரை ஆற்றினார். வேண்டிய அளவு ஆறிய பிறகும் ஆற்றினார். டிப்போவுக்குத் தெரிந்தால் கல்யாணப் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். அதைவிட, இரண்டு பக்கத்துக்காரர்களும் அவர் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள்: உலைதான் செய்தது என்று இவர்கள், பைத்தியக்காரி புருஷனை அளந்தாள் என்று அவர்கள். "சர்க்கரை பத்தல" என்றார் கடைசியில். எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

புதன்கிழமை. பல்லி இருநூற்றுப் பன்னிரண்டு சொன்னது. கணவர் வழக்கம்போல் ஏழு மணிக்குக் கிளம்பிப் போயிருந்தார். எட்டரைக்குப் பல்லியக்கா நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பத்தாவது மட்டும் சரியாகப் படியாமல் துருத்தியது. திறந்தார்.

அந்த ஐந்து நாட்களின் பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. தேதி, மாத்திரையின் பெயர், அதன் கதிரின் அளவு, டாக்டரின் கையெழுத்து. மேலே கொட்டை எழுத்தில் கணவரின் பெயர். குண்டூசி கோணலாக, நோட்டின் மூன்று தாள்களைச் சேர்த்துக் குத்தி, முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தையல் தெரிந்த எவரும் அப்படிக் குத்த மாட்டார்கள்.

போனை எடுத்தார். எட்டே முக்காலுக்குப் பேருந்து அக்கரையில், உலை வாசலில் நிற்கும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் இரண்டாவது மணிக்கு "சொல்லும்மா" என்பார். இரண்டாவது மணி போயிற்று. மூன்றாவது போயிற்று. போனை அடிக்க விட்டே பழகியவருக்கு, மறுமுனையில் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்து பழக்கமில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆவி விரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் எங்கோ, ஒரு சட்டைப் பையில், இந்த மணி அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடித்து ஓய்ந்ததும் மறுபடி அழைத்து, ஒலியைப் பெரிதாக்கி, போனை மேசையில் பல்லியின் பக்கத்தில் வைத்தார். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. கோணல் குண்டூசியை உருவி வாயில் கவ்விக்கொண்டார். சீட்டின் மேல் ஓரத்தை, பெயர் மட்டும் உள்ளே போகும்படி, நகத்தால் அழுத்தி மடித்தார். தேதியும் மாத்திரையும் அளவும் வெளியே நின்றன. காலையில் கோத்து வைத்த பத்து ஊசிகளில் ஒன்றை எடுத்து, மடிப்பைத் தாளோடு சேர்த்து, இழுத்தால் ஒரே இழுப்பில் உருவி வந்துவிடுகிற பெரிய பெரிய தையலாகப் போட்டுக்கொண்டு வந்தார். கடைசித் தையலில் முடிச்சுப் போடாமல், நூலை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, போனைப் பார்த்தார்.

மணி அடித்துக்கொண்டிருந்தது.